முதல் பதிப்பை எப்போது வெளியே விடுவது?

எந்த வேலையிலும் முக்கால்வாசி சீக்கிரமே முடிந்துவிடும், மீதிக் கால்வாசிதான் ஆளைப் படுத்தி எடுக்கும். கடைக்கு ஒரு வெப்சைட், கல்லூரி ப்ராஜெக்ட், அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு கையேடு, யூடியூபுக்கு ஒரு வீடியோ, எதை எடுத்தாலும் இதே கதைதான். காட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் "இந்த ஒரு இடத்தை மட்டும் சரிபண்ணிவிட்டுக் காட்டுகிறேன்" என்று தள்ளிப்போட்டு, அது சரியானதும் இன்னொரு இடம் கண்ணை உறுத்தி, அதைத் தொட்டதும் முதலில் செய்ததே பிடிக்காமல் போய், கடைசியில் ஃபைல் லேப்டாப்பிலேயே தங்கிவிடுகிறது. இதைச் செய்தவர் சோம்பேறி இல்லை. சொல்லப்போனால் மற்றவர்களைவிட அதிகமாக உழைத்தவர். அந்த உழைப்பு ஒருவர் கைக்கும் போய்ச் சேரவில்லை என்பதுதான் வருத்தம்.

வேலையை முடிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. குறை ஒன்றுகூட இல்லை என்று உறுதியான பிறகுதான் வெளியே விடுவது ஒரு வழி. பயன்படுகிற அளவுக்கு வந்ததும் வெளியே விட்டு, அதற்கப்புறம் விடாமல் திருத்திக்கொண்டே போவது இன்னொரு வழி. முதல் வழியில் சோதனை முழுக்க வெளியீட்டுக்கு முன்னாலேயே நடக்கிறது, இரண்டாவதில் பெரும்பகுதி பின்னால் நடக்கிறது. வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் விளைவு எவ்வளவு தூரம் விலகிப்போகும் என்பதைக் காட்ட, ஏறக்குறைய அதே ஆட்கள் அதே வேலையை இரண்டு வழியிலும் செய்துபார்த்த உதாரணம் ஒன்று இருக்கிறது.

2000ஆம் ஆண்டு மார்ச்சில் ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் நியூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். இலவசமாகப் படிக்கலாம், ஆனால் தரத்தில் அச்சுக் கலைக்களஞ்சியத்துக்கு ஒரு படிகூடக் குறையக் கூடாது என்பது நோக்கம். அதனால் ஒரு கட்டுரை வெளிவர ஏழு படிகள் வைத்தார்கள்: தலைப்பை ஒருவருக்கு ஒதுக்குவது, அந்தத் துறையில் முதன்மை மதிப்பீட்டாளரைத் தேடுவது, அவர் படித்துப் பார்ப்பது, மற்றவர்களும் படித்துக் கருத்துச் சொல்வது, மொழிநடையை ஒருவர் திருத்துவது, அதையே பொதுவில் வைத்து மறுபடி திருத்துவது, கடைசியாக ஒப்புதல். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு படியும் நியாயமானதுதான். யாரும் முட்டாள்தனமாக எதையும் சேர்க்கவில்லை. ஆனால் ஏழும் சேர்ந்தபோது கட்டுரைகள் நகரவே இல்லை. 2003 செப்டம்பரில் அந்தத் தளம் மூடப்பட்டபோது முழுமையாக முடிந்திருந்தவை சுமார் இரண்டு டஜன் கட்டுரைகள்தான்.

இதற்கிடையில் 2001 ஜனவரி 15ஆம் தேதி பக்கத்திலேயே இன்னொன்றைத் தொடங்கியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். நியூபீடியாவுக்கு வரைவுகள் தயாரித்துக் கொடுக்கும் இடமாகத்தான் அதை முதலில் நினைத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அதில் சுமார் 20,000 கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. அதுதான் விக்கிப்பீடியா. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கி, 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. பெரும்பாலும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு உட்கார்ந்து எழுதுகிற தன்னார்வலர்களின் உழைப்பு அது. ஏழு படி ஏறித்தான் வர வேண்டும் என்றிருந்தால் அவர்களில் எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்?

சரி, எண்ணிக்கை கூடிவிட்டது, தரம்? நியாயமான கேள்விதான். 2005இல் நேச்சர் அறிவியல் இதழ், 42 அறிவியல் தலைப்புகளில் விக்கிப்பீடியாவையும் புகழ்பெற்ற பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தையும் துறை வல்லுநர்களிடம் கொடுத்து ஒப்பிட்டது. கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழைகள், பிரிட்டானிக்காவில் மூன்று. ஒப்பிட்ட முறையே சரியில்லை என்று பிரிட்டானிக்கா கடுமையாக மறுத்தது, அந்த விவாதம் இங்கே வேண்டாம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மூன்று. வெளியிடும் முன்பே எல்லாவற்றையும் சோதித்து, பல தலைமுறைகளாக நடந்துவந்த ஒரு நிறுவனத்திலும் பிழை மிஞ்சத்தான் செய்தது. கச்சிதம் வரும் வரை காத்திருப்பவர் எதற்காகக் காத்திருக்கிறாரோ, அது காத்திருந்தாலும் முழுசாக வருவதில்லை.

ஏன் வருவதில்லை? நாம் செய்ததில் நமக்குத் தெரிகிற குறைகள் ஒரு வகை, பயன்படுத்துகிறவருக்குத் தெரிகிற குறைகள் வேறு வகை. கடை வெப்சைட்டை உருவாக்குகிறவர் பேனர் படத்தின் நிறத்தை வாரக்கணக்கில் மாற்றிக்கொண்டிருப்பார். தளம் வெளியே வந்த அன்றைக்கு முதல் வாடிக்கையாளர் போன் பண்ணி, "ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா இல்லையா, அதை எங்கேயும் போடலையே" என்று கேட்பார். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. கதவைச் சாத்திக்கொண்டு திருத்தும்போது நம் கண்ணுக்குப் படுவதைத்தான் திருத்துகிறோம், அவருக்கு இடிப்பதை அல்ல. அப்படிச் செலவழித்த நேரத்தில் பாதிக்கு மேல் யாருக்கும் உதவாத திருத்தங்களுக்கே போய்விடும்.

இன்னொன்றும் நடக்கிறது. ஒரு வேலையில் நேரம் ஆக ஆக நம் ரசனையும் வளர்ந்துவிடுகிறது. மூன்று மாதம் முன்பு நன்றாக இருந்தது இன்றைக்குச் சுமாராகத் தெரியும். இது நல்ல விஷயம்தான், கற்றுக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். ஆனால் அதே வேலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே போகும், எட்டவே முடியாது. வளர்ந்த ரசனையை இரண்டாம் பதிப்புக்கோ அடுத்த வேலைக்கோ கொண்டுபோவதுதான் வழி.

இதையெல்லாம் கணினி வந்த பிறகு கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு 1887இல் அச்சிட்டார். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை, விடுமுறை கிடைத்தால் சென்னைக்குப் போய் அச்சு வேலை. கையில் இருந்ததெல்லாம் ஏட்டுச்சுவடிகள். ஒரு சுவடியில் இருக்கும் சொல் இன்னொன்றில் வேறு மாதிரி இருக்கும், புள்ளி இருக்காது, உரை எங்கே முடிந்து மேற்கோள் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. காவியமோ சமணக் காவியம், அவரோ சைவ மரபில் படித்தவர். கும்பகோணத்தில் இருந்த சமணர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டுத்தான் பல இடங்களைத் தெளிந்துகொண்டார். அப்படியும் ஐயங்கள் தீர்ந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் எங்கோ ஒரு வீட்டுப் பரணில் இதைவிட நல்ல சுவடி கிடக்கலாம் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அதற்காகக் காத்திருக்கவில்லை, வெளியிட்டார். இரண்டாம் பதிப்பு 1907இல் வந்தது, மூன்றாவது 1922இல்.

இந்த இருபது வருட இடைவெளியை நான் முக்கியமாக நினைக்கிறேன். முதல் பதிப்பையே தேய்த்துக்கொண்டிராமல் அந்த ஆண்டுகளில் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை, ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து என்று அடுத்தடுத்துப் பதிப்பித்தார். ஒவ்வொன்றிலும் கற்றது அடுத்ததற்குப் பயன்பட்டது, திரும்பிச் சிந்தாமணிக்கு வந்தபோதும் பயன்பட்டது. 1887க்கு முன் இன்னும் பத்து வருடம் அவர் சிந்தாமணியை மட்டுமே திருத்திக்கொண்டிருந்தால் இந்த அறிவு வந்திருக்காது, ஏனென்றால் அது மற்ற நூல்களுக்குள் இருந்தது. (நச்சினார்க்கினியரே சிந்தாமணிக்கு இருமுறை உரை எழுதினார், முதல் உரையைச் சமணர்கள் ஏற்காததால் அவர்கள் நூல்களைக் கற்றுவந்து மறுபடி எழுதினார் என்று ஒரு வழக்கு உண்டு. கேட்கும்போதே மனசுக்குத் தெம்பாக இருக்கிறது.)

1894இல் வந்த புறநானூற்றைப் பாருங்கள். 400 பாட்டுகள் கொண்ட தொகை அது. 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவே இல்லை. பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு வருகிற பல பாட்டுகளில் அடிகள் சிதைந்திருக்கின்றன. இன்றைக்கும் புறநானூற்றைத் திறந்தால் சில வரிகளில் சொற்களுக்குப் பதில் புள்ளிகள்தான் இருக்கும். இல்லாததை இட்டுக்கட்டி நிரப்பவும் இல்லை, முழுசாகக் கிடைக்கட்டும் என்று மூடிவைக்கவும் இல்லை. கிடைத்ததைக் கொடுத்து, கிடைக்காத இடத்தைக் கிடைக்கவில்லை என்று காட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு மூடிவைத்திருந்தால் "யாதும் ஊரே" நமக்கு எப்போது கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

படிப்படியாகத் திருத்தும் முறையில் புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இந்தப் புள்ளிகளைத்தான். குறையோடு வெளியே விடலாம். ஆனால் குறை எங்கே இருக்கிறது என்று நீங்களே எழுதி வைத்துவிட வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு தலைப்பைப் பற்றி நாலு வரிதான் தெரியும் என்றால் நாலு வரியை எழுதி, கீழே குறுங்கட்டுரை என்று ஒரு குறிப்புப் போட்டுவிடுகிறார்கள். வாசகர் ஏமாறுவதில்லை, அடுத்து வருகிறவருக்கு எங்கே தொடங்குவது என்றும் தெரிந்துவிடுகிறது.

விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான இணைய நூலகம் விக்கிமூலம் இதை இன்னும் அழகாகச் செய்கிறது. அரசுடைமையான பல எழுத்தாளர்களின் நூல்கள் அங்கே பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒரு புறம் பழைய அச்சின் படம், மறுபுறம் கணினி அதைப் பார்த்து எழுதிய எழுத்து. கணினி எழுதியதில் தடுமாற்றம் ஏராளம். துணைக்காலையும் ரகரத்தையும் மாற்றிப் போட்டிருக்கும், பழைய அச்சில் கொம்பு வளைத்துப் போட்ட லை, னை, ணை எல்லாம் வேறு ஏதோவாக மாறியிருக்கும், அடிக்குறிப்பு நடுப் பத்திக்குள் வந்து நிற்கும். அந்த நிலையில் பக்கத்துக்குச் சிவப்பு நிறம். ஒருவர் படத்தையும் எழுத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்தினால் மஞ்சள். அதை வேறொருவர் மறுபடி பார்த்துச் சரி என்றால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. நூலின் முகப்பில் எல்லாப் பக்க எண்களும் அந்தந்த நிறத்தோடு வரிசையாக நிற்கும். எந்த நூல் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரியும். சிவப்புப் பக்கத்தைக்கூட யாரும் தேடலாம், படிக்கலாம். யாரோ ஒருவர் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு பக்கத்தை மஞ்சளாக்கிவிட்டுப் போகலாம், அந்தச் சின்ன வேலை வீணாகாது, கணக்கில் ஏறிவிடும். உங்கள் ப்ராஜெக்டில் இந்த மூன்று நிறம் போல ஏதாவது ஒன்று இருந்தால் போதும், பாதிப் பதற்றம் குறைந்துவிடும்.

இதைக் கேட்டதும் சிலர் வேறு மாதிரி புரிந்துகொள்கிறார்கள்: "அப்படியானால் ஏனோதானோ என்று செய்து தள்ளிவிடலாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்." இல்லவே இல்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அப்புறம் பார்க்காமலே விடுவதற்கும் இந்த முறைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டொயோட்டா கார் தொழிற்சாலைகளில் கைசன் என்ற பெயரில் இந்த முறை உலகப் புகழ் பெற்றது. அங்கே லைனில் நிற்கும் சாதாரணத் தொழிலாளி ஒரு போல்ட் சரியாக உட்காரவில்லை என்று பார்த்தால் தலைக்கு மேல் இருக்கும் கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடிவருவார். அந்த இடத்திலேயே தீரவில்லை என்றால் லைனே நின்றுவிடும். குறையைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் செய்கிற காரியமா இது? கச்சிதத்துக்காகக் காத்திருப்பவரைவிடக் குறையைப் பார்த்து அதிகம் சங்கடப்படுகிறவர்கள் இவர்கள். என்ன, அந்தச் சங்கடத்தை மனசுக்குள் வைத்துப் புழுங்காமல் அன்றைக்கே ஒரு திருத்தமாக மாற்றிவிடுகிறார்கள்.

ஆகவே வெளியே விடும் முன் ஒரு அடிமட்டக் கோடு வேண்டும். அதற்குக் கீழே போகவே கூடாது. கையேடு என்றால் அதில் இருக்கிற தகவல் தப்பாக இருக்கக் கூடாது, குறைவாக இருக்கலாம். ஆப் என்றால் பயன்படுத்துகிறவரின் பணமோ தகவலோ தொலையக் கூடாது, அசிங்கமாக இருக்கலாம். அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பதெல்லாம் வெளியே விட்ட பிறகு திருத்தக்கூடியவை. கோட்டை வேலையின் தொடக்கத்திலேயே, தெம்பாக இருக்கும்போது, இரண்டு மூன்று வரியில் எழுதிவிடுங்கள். முடிக்கிற நேரத்தில் போடப் போனால் பயம் பேனாவைப் பிடித்துக்கொள்ளும்.

கோடு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது ஒரே ஒரு கேள்வியைப் பொறுத்தது: வெளியே போன பிறகு பிழை தெரிந்தால் திருத்த என்ன செலவாகும்? விக்கிப்பீடியா துணிந்து கதவைத் திறந்துவைக்கக் காரணம், ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாறு இருக்கிறது, யாராவது கெடுத்தால் ஒரு சொடுக்கில் முந்தைய நிலைக்கு மீளமைத்துவிடலாம். திரும்பிப் போகிற வழி சுலபமாக இருப்பதால்தான் முன்னே போகிற தைரியம் வருகிறது. இரண்டாயிரம் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் அந்த வழி இல்லை, அங்கே நாலு பேர் கண்ணால் தேதியையும் மண்டபத்தின் பெயரையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். மருந்து அளவு, பாலத்தின் தூண், கரன்ட் வேலை, இதிலெல்லாம் முன்சோதனைதான் முறை. அங்கே போய் "பதிப்பு ஒன்று" என்று பேசக் கூடாது.

ஆனால் பிழை மிகவும் காஸ்ட்லியான இடத்திலும் படிப்படியாகப் போகிற வழி முழுக்க அடைபட்டுவிடுவதில்லை. ராக்கெட்டை விடவா? செயற்கைக்கோளை ஏவ இந்தியா செய்த முதல் ராக்கெட்டான எஸ்.எல்.வி-3 முதல் தடவை 1979 ஆகஸ்ட் 10இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட கோளாறால் வங்கக் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18இல் அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. சுமந்துபோகக்கூடிய எடை வெறும் 40 கிலோ. அடுத்த ஏ.எஸ்.எல்.வி 150 கிலோவைக் குறிவைத்தது, 1987, 1988 இரண்டு முயற்சிகளும் தோல்வி. பி.எஸ்.எல்.வி-யின் முதல் பயணமும் 1993இல் தோல்விதான், அடுத்தது 1994 அக்டோபரில் வென்றது. 2008இல் சந்திரயான்-1, 2013இல் மங்கள்யான் இரண்டும் போனது இந்த ராக்கெட்டில்தான். 40 கிலோவிலிருந்து செவ்வாய் வரைக்கும் ஒரே தாவலில் யாரும் போகவில்லை. அதோடு, திரவ எஞ்சினை நேராக ராக்கெட்டில் மாட்டிவிடுவதில்லை. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் தரையிலேயே கட்டிவைத்து எரித்துப் பார்க்கிறார்கள். அதாவது, முழுசாகச் சோதிக்க முடியாததைத் துண்டு துண்டாக, விழுந்தால் அடிபடாத இடத்தில் சோதிக்கிறார்கள். உங்கள் வேலையிலும் திருத்தும் செலவு அதிகம் என்றால் செய்ய வேண்டியது இதைத்தான்: மொத்தத்தையும் தள்ளிப்போடுவதற்குப் பதில், ஒரு துண்டை எடுத்து ஒரு ஆளிடம் மட்டும் காட்டுங்கள்.

நடைமுறையில் எப்படித் தொடங்குவது? மேலே சொன்ன கையேட்டையே எடுத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்கிறவருக்கு முதல் வாரத்தில் தெரிய வேண்டியதை எல்லாம் நாற்பது பக்கத்தில் எழுத நினைக்கிறீர்கள். நாற்பது வேண்டாம். முதல் நாளுக்கு என்ன தேவை என்று மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதுங்கள்: யாரைப் பார்க்க வேண்டும், கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு யாரிடம் வாங்க வேண்டும், சாப்பாடு எங்கே, விடுப்பு வேண்டுமென்றால் யாருக்குச் சொல்ல வேண்டும். மேலே தேதியும் "இதில் சம்பளம், பி.எஃப் பற்றி இன்னும் எழுதவில்லை" என்ற ஒரு வரியும் போடுங்கள். அடுத்த வாரம் ஒருவர் சேரும்போது அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் உங்களிடம் வந்து கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விகள்தான் இரண்டாம் பதிப்பு. நீங்கள் மண்டையை உடைத்து யோசிக்க வேண்டியதே இல்லை, அவர் சொல்லிவிடுவார். மூன்றாவது ஆள் சேரும்போது கேள்விகள் குறைந்திருக்கும். நீங்கள் எழுத நினைத்த நாற்பது பக்கத்தில் பெரும்பகுதியை யாரும் கேட்கவே இல்லை என்பதும் அப்போது தெரியும்.

ஒவ்வொரு முறையும் ஒன்று அல்லது இரண்டு மாற்றம் போதும். பத்தை ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. பழைய பதிப்பை அழிக்காதீர்கள், பெயரில் தேதியைச் சேர்த்து ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். அடுத்து எப்போது திறந்து பார்ப்பீர்கள் என்று ஒரு நாளையும் காலண்டரில் குறித்துவிடுங்கள். இது இல்லாமல் "பிறகு திருத்துவோம்" என்பது வெறும் வாய்வார்த்தை.

கருத்துக் கேட்கும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும், நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதில் "இதை வைத்து ஒரு விடுப்பு விண்ணப்பம் போட்டுக் காட்டுங்கள்" என்று வேலையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். எந்த வரியில் நிற்கிறார், எதை இரண்டு தடவை படிக்கிறார், எங்கே உங்களைத் திரும்பிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். அவர் வாயால் சொல்லாததெல்லாம் அங்கே தெரியும். குறுக்கே பேசி விளக்கக் கூடாது, அதுதான் கஷ்டம்.

கடைசியாக, எப்போது நிறுத்துவது? திருத்திக்கொண்டே போகிற முறையிலும் அதே பழைய பிடிவாதம் வேறு வேஷத்தில் உள்ளே வந்துவிடும், முடிவே இல்லாமல் தேய்த்துக்கொண்டிருக்க வைக்கும். நான் பார்க்கிற அடையாளங்கள் இரண்டு. போன தடவை மாற்றியதை இந்தத் தடவை பழையபடி மாற்றினால் அந்த இடம் முடிந்துவிட்டது, இனி அது ரசனை விஷயம். அடுத்தடுத்து இரண்டு ஆட்கள் பயன்படுத்தியும் புதிதாக ஒரு கேள்வியும் வரவில்லை என்றால் மொத்த வேலையும் இப்போதைக்கு முடிந்துவிட்டது. காலண்டரில் ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியைப் போட்டுவிட்டு, அடுத்த வேலையை எடுத்துக்கொள்ளலாம்.